தங்க வயலில் தீவனக் கணக்கு

ரசாயனம் கலக்காத பாலுக்கு பெங்களூரில் கிராக்கி இருக்கிறது. அந்தப் பாலைத் தரும் மாட்டுக்கு ரசாயனம் கலக்காத தீவனம் போட கோலார் மாவட்டத்துச் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகுமா?

கோலார் தங்க வயலிலிருந்து தினமும் இரண்டு சரக்குகள் பெங்களூர் பக்கம் போகின்றன. ஒன்று, காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறும் மனித உழைப்பு. மற்றொன்று, சுற்றுவட்டாரக் கிராமங்களில் கூட்டுறவுச் சங்கத்தின் கேன்களில் நிரம்பும் பால். மூன்றாவதாக ஒரு காலத்தில் போய்க்கொண்டிருந்த தங்கம் நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் கால்பதித்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி கடைசியில் மூடப்பட்டன. அப்போது மூவாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர் பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள். இன்று ஊருக்கு அடையாளமாக எஞ்சியிருப்பவை துருப்பிடித்த லிப்ட் கோபுரங்களும், சயனைடு மேடுகள் என்று மக்கள் அழைக்கும் சாம்பல் நிறக் கழிவு மண் குன்றுகளும்தான்.

ஆனால் சுற்றியுள்ள கிராமங்களைப் பொறுத்தவரை, பத்து நாளுக்கோ பதினைந்து நாளுக்கோ ஒருமுறை கையில் காசைத் தருவது மாடு. மழை பொய்த்தாலும், தக்காளி விலை சரிந்தாலும், கொட்டிலில் நிற்கும் இரண்டு சீமைப் பசுக்கள் குடும்பத்தைக் கரைசேர்த்துவிடும் என்ற நம்பிக்கை இந்த மாவட்டத்தில் ஆழமானது. அந்த நம்பிக்கைக்குத்தான் இப்போது ஒரு புதிய கேள்வி வந்திருக்கிறது.

பெங்களூரின் வசதியான குடும்பங்கள் 'ஆர்கானிக்' என்ற முத்திரையுள்ள பாலுக்குச் சாதாரணப் பாலைவிடக் கணிசமாகக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கின்றன. நூறு கிலோமீட்டர் தொலைவில், நாள் தவறாமல் பால் அனுப்பும் மாவட்டம் கோலார். சந்தை பக்கத்தில், மாடு வீட்டில். அப்படியிருந்தும் அந்தக் கூடுதல் விலை சிறு விவசாயியின் கைக்கு ஏன் எட்டவில்லை? பதில் மாட்டின் முன்னால் இருக்கும் தொட்டியில் கிடக்கிறது.

டென்மார்க் தந்த பழக்கம்

கோலார் பால் மாவட்டமானது தானாக நடந்ததல்ல. இந்தத் தொகுதியின் எம்.பி.யாகவும் மத்திய அரசில் வேளாண்மைத் துணை அமைச்சராகவும் இருந்த எம்.வி. கிருஷ்ணப்பா, டென்மார்க் மாடுகளை இங்கே கொண்டுவருவதில் முன்னின்றவர் என்று மாவட்டத்தில் இன்றும் பேசப்படுகிறது. 1974-ல் உலக வங்கி உதவியோடு கர்நாடகத்தில் பால்வளத் திட்டம் தொடங்கியது. 1987-ல் கோலாருக்கென்று தனிப் பால் ஒன்றியம் வந்தது. ஹள்ளிகார் உழவு மாடுகள் நின்ற கொட்டில்களில் ஹோல்ஸ்டீனும் ஜெர்சியும் கலந்த பசுக்கள் நின்றன.

நாட்டு மாடு காலையில் அவிழ்த்துவிட்டால் மேய்ந்துவிட்டு மாலையில் திரும்பும். இரண்டு மூன்று லிட்டர் கறக்கும். சீமைப் பசு பத்து லிட்டர் கறக்கும். ஆனால் கேட்டு வாங்கிச் சாப்பிடும். 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு ஈரம் நீக்கிய கணக்கில் நாளொன்றுக்குச் சுமார் 12 கிலோ தீவனம் வேண்டும். இதில் வைக்கோலும் பசும்புல்லும் வயிற்றை நிரப்பும்; பாலைப் பெருக்குவது புண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்த அடர் தீவனம். உடல் பராமரிப்புக்கு ஒரு கிலோ, பிறகு கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்பது பண்ணைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. பத்து லிட்டர் கறக்கும் பசுவுக்கு தினமும் ஐந்து கிலோ. பால் உற்பத்திச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது.

இதிலிருந்து ஓர் எளிய சூத்திரம் கிடைக்கிறது. ஐந்து கிலோவுக்குப் பத்து லிட்டர் என்றால், அடர் தீவனத்தின் விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறும்போது ஒரு லிட்டர் பாலின் அடக்கவிலை 50 பைசா ஏறும். மூட்டை விலை ஏறிய செய்தி வரும்போதெல்லாம் பால் ஊற்றும் பெண்கள் முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது சாதாரணத் தீவனத்துக்குப் பதில் ரசாயனமில்லாத தீவனம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அதன் விலை கிலோவுக்கு 12 ரூபாய் கூடுதல் என்றால், லிட்டருக்கு 6 ரூபாய் கூடுதல் செலவு. கர்நாடக அரசு பால் உற்பத்தியாளர்களுக்குத் தரும் ஊக்கத்தொகை 2008-ல் லிட்டருக்கு 2 ரூபாயாகத் தொடங்கி, 2013-ல் 4 ரூபாயாகி, 2016-ல் 5 ரூபாயானது. ஒவ்வொரு ரூபாய் உயர்வுக்கும் அரசியல் கட்சிகள் மேடை போட்டுப் பெருமைப்பட்டன. எட்டு வருடத்தில் அரசு படிப்படியாக ஏற்றிக் கொடுத்ததை ஒரே நாளில் தீவன மூட்டை விழுங்கிவிடும்.

விதி என்ன சொல்கிறது?

இயற்கை வேளாண்மை என்றால் யூரியாவும் பூச்சிமருந்தும் போடாமல் பயிரிடுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மாடு என்று வரும்போது விதிகள் இன்னும் நுணுக்கமானவை. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு கால்நடைகளுக்கான இயற்கை முறை விதிகளை 2001-ல் சேர்த்தது. அசைபோடும் விலங்குகளுக்குத் தரும் தீவனத்தில், ஈரம் நீக்கிய கணக்கில், குறைந்தது 85 சதவீதம் இயற்கை முறையில் விளைந்ததாக இருக்க வேண்டும். கோழி, பன்றி போன்றவற்றுக்கு 80 சதவீதம். இந்தியாவில் சான்றிதழ் நடைமுறை 2001 முதல் இருந்து வருகிறது. வர்த்தக அமைச்சகத்தின் கீழுள்ள அபெடா அதைக் கவனிக்கிறது.

இந்த அளவுகோலை கோலார் மாவட்டத்துத் தொழுவத்தில் வைத்துப் பார்த்தால் முதல் அடியிலேயே இடறுகிறது.

மாடு வைத்திருப்பவர்களுக்குப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கின் மேல் தனிப் பிரியம் உண்டு. பாலில் கொழுப்பு ஏறும் என்பார்கள். 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. இன்று நாட்டின் பருத்தி நிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் அதுதான். மரபணு மாற்றப்பட்ட பயிர் இயற்கை முறைக்கு ஆகாது. எனவே பருத்திக்கொட்டை தள்ளுபடி.

அடுத்தது எண்ணெய் நீக்கிய தவிடு, சோயாப் புண்ணாக்கு. கலப்புத் தீவனத்தின் விலையைக் கட்டுப்படுத்துபவை இவை. ஹெக்சேன் என்ற கரைப்பானைக் கொண்டு கடைசிச் சொட்டு எண்ணெயையும் எடுத்தபின் மிஞ்சுவது. அந்த முறையில் எடுத்தவையும் ஆகாது. செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ ஆட்டிய புண்ணாக்குதான் வேண்டும். அது விலை கூடியது.

மூன்றாவது யூரியா. வயலுக்குப் போடும் அதே யூரியாவை அசைபோடும் மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புரதமாக மாற்றிவிடும். அதனால் கலப்புத் தீவனத்தில் ஒரு சதவீதம் வரை யூரியா சேர்க்க இந்தியத் தர நிர்ணய அமைப்பு அனுமதிக்கிறது. வைக்கோலில் யூரியாக் கரைசலைத் தெளித்து மூட்டம் போடும்படி பல ஆண்டுகள் அரசே சொல்லிக் கொடுத்தது. இயற்கை முறையில் இரண்டுக்கும் இடமில்லை.

ஆக, தடை செய்யப்பட்டவை எல்லாம் மலிவானவை. அனுமதிக்கப்பட்டவை எல்லாம் விலை கூடியவை. ஏழை விவசாயியைத் திட்டமிட்டு விலக்கியது போன்ற பட்டியல் இது. அப்படி யாரும் திட்டமிடவில்லை என்றாலும் விளைவு அதுதான்.

சொந்த நிலத்தில் விளைத்தால்?

வாங்கினால்தானே விலை, விளைத்துக்கொள்ளலாமே என்பது அடுத்த யோசனை. இதையும் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பசு வருடத்தில் 300 நாள் கறக்கிறது. தினமும் ஐந்து கிலோ என்றால் 1,500 கிலோ அடர் தீவனம். இதில் பாதி தானியம்: 750 கிலோ. மானாவாரியில் கேழ்வரகோ மக்காச்சோளமோ நன்றாக விளைந்தால் ஒரு ஏக்கர் போதும். மீதியில் 400 கிலோ கடலைப் புண்ணாக்கு என்று கொள்வோம். மானாவாரிக் கடலை ஏக்கருக்கு 400 கிலோ காய் கொடுத்தால், உடைத்த பருப்பு 280 கிலோ. எண்ணெய் எடுத்தபின் புண்ணாக்கு சுமார் 160 கிலோ. 400 கிலோவுக்கு இரண்டரை ஏக்கர் வேண்டும். ஒரு பசுவின் அடர் தீவனத்துக்கு மட்டும் மூன்றரை ஏக்கர்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 2.7 ஏக்கர். நிலம் வைத்திருப்பவர்களில் 86 சதவீதம் பேர் ஐந்து ஏக்கருக்கும் குறைவாக வைத்திருப்பவர்கள். மொத்த நிலத்தையும் ஒரே ஒரு பசுவுக்கு எழுதிவைத்தாலும் போதாது. கடலை எண்ணெய்க்கு விலை கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வீட்டுக்குச் சாப்பாடு எந்த நிலத்தில் விளையும்?

நிலத்தை மாற்றுவதற்கே இரண்டு ஆண்டுகள் ஆகும். அந்த இரண்டு ஆண்டுகளும் ரசாயனம் போடக்கூடாது. விளைந்ததை இயற்கை விளைபொருள் என்று சொல்லி விற்கவும் கூடாது. மகசூல் குறையும் காலத்தில் விலையும் கூடாது.

கோலாரின் வறட்சி இதற்கு மேல். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு மாவட்டத்தில் கிடையாது. பாலாறு, பேத்தமங்கலா ஏரியை நிரப்பித் தங்க வயலுக்குக் குடிநீர் தந்த காலம் உண்டு. அதுவும் மழையின் தயவில்தான். ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிப் போகின்றன. 2018 ஜூனில் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து கோலார் ஏரிகளுக்குக் கொண்டுவரும் கோரமங்கலா-செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தில் தண்ணீர் வரத் தொடங்கியது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர், 126 ஏரிகள் என்பது திட்டம். நிலத்தடி நீர் உயர்ந்ததில் விவசாயிகளுக்கு மகிழ்ச்சி. நுரை பொங்கிய படங்கள் வெளியானபோது விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இந்த நீரில் புல் வளர்ப்பவர் சான்றிதழ் கேட்டால், ஆய்வாளர் முதலில் கேட்கப்போவது தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைத்தான்.

தங்க வயலை ஒட்டியுள்ளவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. கல்லை அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண் 13 குன்றுகளாக, ஆயிரம் ஏக்கருக்கு மேல், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் கிடக்கிறது. அதில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுப்பதற்கான மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் தந்தது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசு வீட்டுக் கூரைமேல் படிகிறது. புல்லின்மேல் படியாமல் இருக்குமா? தன் நிலத்தில் ஒரு பிடி ரசாயனம் போடாத விவசாயியும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். குன்றுகளின் ஓரம் ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கு இயற்கைப் பால் என்ற பேச்சே எட்டாது.

அசோலா என்ற ஆசை

இந்தச் சிக்கலுக்கெல்லாம் மாற்று என்று பல ஆண்டுகளாகப் பிரபலமாகியிருப்பது அசோலா. தண்ணீரில் மிதக்கும் சின்னஞ்சிறு பெரணி. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் இதைக் கால்நடைத் தீவனமாகப் பரப்பியதில் முன்னோடி. தார்ப்பாய் விரித்த ஆழமற்ற குழி, சலித்த மண், சாணக் கரைசல், கொஞ்சம் பாஸ்பேட்: செலவு குறைவு, வேலையும் சுலபம். காய்ந்த எடையில் 20 முதல் 25 சதவீதம் புரதம் இருக்கிறது என்பதும் உண்மை.

விஷயம் 'காய்ந்த எடையில்' என்ற வார்த்தையில் இருக்கிறது. அசோலாவில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு பசுவுக்குத் தினமும் தரச் சொல்லும் இரண்டு கிலோ பச்சை அசோலாவை உலர்த்தினால் 100 முதல் 150 கிராம்தான் தேறும். அதிலுள்ள புரதம் 25 முதல் 40 கிராம். 100 கிராமுக்கும் குறைவான கடலைப் புண்ணாக்கில் அது கிடைத்துவிடும். அசோலா நல்ல பொருள். கோழிக்கும் கன்றுக்குட்டிக்கும் பொருத்தமானது. தாது உப்பும் வைட்டமினும் உண்டு. ஆனால் ஐந்து கிலோ அடர் தீவனத்தை ஒரு அசோலாக் குழி ஈடுகட்டும் என்று நம்பி மூட்டை வாங்குவதை நிறுத்துபவர், மறுவாரமே சங்கத்தில் பால் குறைந்ததைப் பார்ப்பார்.

இதைவிடப் பலன் தருவது வேலியோரம் வளர்க்கும் பயறுவகைத் தீவனம். வேலி மசாலில் காய்ந்த எடையில் சுமார் 20 சதவீதம் புரதம். பத்து கிலோ பச்சையை உலர்த்தினால் இரண்டு கிலோ. அதில் 400 கிராம் புரதம். இரண்டு கிலோ கலப்புத் தீவனத்தில் இருக்கும் புரதம் அது. தண்ணீர் கிடைக்கும் இடத்தில் எட்டு, பத்து சென்ட் நிலத்தில் ஒரு பசுவுக்கு ஆண்டு முழுதும் இந்த அளவு எடுக்கலாம். அகத்தி, கிளைரிசிடியா போன்ற மரங்களை வரப்பில் நட்டால் அந்த நிலமும் தேவையில்லை. சூபாபுல்லும் நல்லதுதான், பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால். மாவுச்சத்துக்கு, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4 கம்பு நேப்பியர் புல்லும், பலமுறை அறுக்கக்கூடிய கோ எப்.எஸ்.-29 சோளமும் கைகொடுக்கும். மூட்டைத் தீவனம் முழுவதையும் இவற்றால் நீக்க முடியாது. ஐந்து கிலோவை மூன்றாகக் குறைக்க முடியும். பத்து லிட்டர் ஒன்பதாகலாம். ஆனால் கையில் நிற்கும் காசு குறையாது.

கோலாரின் உண்மையான பலம் கண்ணெதிரே போர் போட்டு நிற்கிறது. அது கேழ்வரகுத் தாள். நெல் வைக்கோலைவிடச் செரிமானத்துக்கு நல்லது, சுண்ணாம்புச் சத்தும் அதிகம். அதைவிட முக்கியம், மானாவாரிக் கேழ்வரகுக்குப் பூச்சிமருந்து அடிப்பவர்கள் அபூர்வம். அடியுரமாக ஒரு மூட்டை ரசாயன உரம் போடுவதை நிறுத்தித் தொழு உரத்துக்கு மாறினால், மாட்டின் உலர் தீவனம் ஏறக்குறைய இயற்கைத் தீவனமாகிவிடும். அவரைப் பொட்டு, கொள்ளுப் பொட்டு, கடலைக் கொடி எல்லாம் இதே வகை. எதிர்முனையில் இருப்பது காய்கறிக் கழிவு. நாட்டின் மிகப் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று கோலாரில் இருக்கிறது. விலை விழும் நாட்களில் தக்காளியும் கோஸ் இலையும் மாட்டுக்குப் போகின்றன. அவற்றின்மேல் அடித்த மருந்தும் கூடவே போகிறது.

ஒரே கேனில் எல்லாப் பாலும்

இவ்வளவு பாடுபட்டு ஒருவர் மாட்டை வளர்த்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்குப் பாலை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போகிறார். அங்கே இயந்திரம் இரண்டை மட்டும் அளக்கிறது: கொழுப்பு, கொழுப்பல்லாத திடப்பொருள். தீவனத்தில் யூரியா இருந்ததா, பி.டி. பருத்தி இருந்ததா என்று அதற்குத் தெரியாது. அவர் பாலும் பக்கத்து வீட்டுப் பாலும் ஒரே கேனில் கொட்டப்படுகின்றன. ஒரே விலை.

கூட்டுறவின் பெருமையே இதில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் ஊற்றும் விதவைக்கும் ஐம்பது லிட்டர் ஊற்றும் பண்ணையாருக்கும் ஒரே அளவுகோல். ஆனால் அதே சமத்துவம், தனித்தன்மையுள்ள பாலுக்குத் தனி விலை தர முடியாமல் கையைக் கட்டிப்போடுகிறது.

கர்நாடகத்தில் இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டியவர்கள் உண்டு. தும்கூர் மாவட்டம் திப்டூரில் 2010-ல் தொடங்கிய அக்ஷயகல்பா நிறுவனம் இயற்கை முறைப் பாலைத் தனியாகச் சேகரித்து பெங்களூரில் விற்கிறது. பின்னர் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் விரிந்தது. அதன் வழி, தீவனத்தைப் பண்ணையிலேயே விளைப்பது, பாலைப் பிறர் பாலோடு கலக்காமல் பாதுகாப்பது. வெற்றிகரமான வழிதான். ஆனால் அதற்குச் சில ஏக்கர் நீர்வசதியுள்ள நிலம், பல மாடுகள், முதலீட்டுக்கு வங்கிக் கடன் எல்லாம் வேண்டும். ஒன்றரை ஏக்கரும் இரண்டு மாடும் வைத்திருப்பவர் அந்த வாசலில் நுழைவது கடினம்.

தனியாள் நுழைய முடியாத இடத்தில் கூட்டமாக நுழைய விதிகள் இடம் தருகின்றன. 25 முதல் 500 விவசாயிகள் வரை ஒரு குழுவாகச் சேர்ந்து, தமக்குள் கண்காணிப்பு முறை ஏற்படுத்திக்கொண்டு ஒரே சான்றிதழ் பெறலாம். இன்னும் சிறிய அளவில், மத்திய வேளாண் அமைச்சகம் 2011-ல் தொடங்கிய பங்கேற்பு உத்தரவாத முறை இருக்கிறது. அக்கம்பக்கத்து விவசாயிகள் ஐந்து பேர் சேர்ந்தாலே போதும். ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்துச் சான்று சொல்வார்கள். தனியார் நிறுவனத்துக்குக் கட்டும் கட்டணம் இல்லை. இந்தச் சான்று உள்நாட்டுச் சந்தைக்குச் செல்லும்.

கர்நாடகம் 2004-லேயே இயற்கை வேளாண்மைக்கென்று ஒரு கொள்கையை அறிவித்த மாநிலம். 2015-ல் மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் திட்டம் வந்தது. ஆனால் இந்தத் திட்டங்களின் பார்வையில் பெரும்பாலும் பயிர்தான் இருக்கிறது. மாடு அவற்றில் சாணமும் கோமியமும் தரும் பிராணியாகத் தோன்றுகிறதே தவிர, தானும் சாப்பிட வேண்டிய ஜீவனாகத் தோன்றுவதில்லை. ஜான்சியிலுள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் 2013-ல் வெளியிட்ட தொலைநோக்கு அறிக்கையில் நாட்டின் பசுந்தீவனப் பற்றாக்குறை 35.6 சதவீதம், அடர் தீவனப் பற்றாக்குறை 44 சதவீதம் என்று மதிப்பிட்டது. சாதாரணத் தீவனத்துக்கே இந்தத் தட்டுப்பாடு என்றால், இயற்கைத் தீவனத்தைக் கடையில் தேடுவது வீண்.

2023-ல் கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஆண்டில் எங்கிருந்து வந்த தாள், என்ன உரம் போட்டது என்று கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. கிடைத்ததை வாங்கி மாட்டைக் காப்பாற்ற வேண்டும். கோடெக்ஸ் விதிகள்கூட இயற்கைப் பேரிடர் காலத்தில் குறிப்பிட்ட அளவுக்குச் சாதாரணத் தீவனம் தர அனுமதிக்கின்றன. அந்தச் சலுகை இருப்பது சான்றிதழ் கேட்கும் விவசாயிக்கு யாராவது எடுத்துச் சொன்னால்தான் பயன்படும்.

யாருக்காக இந்தத் தீவனம்?

இதையெல்லாம் கேட்டபின் ஒருவர், பணக்காரர்களின் காலை காபிக்காக ஏழை ஏன் அலைய வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் தீவனத்தின் தரம் பணக்காரர்களின் கவலை மட்டுமல்ல. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. கலப்படத்தைவிட ஆணையத்தைக் கவலைப்பட வைத்தது அஃப்லடாக்ஸின் எம்-1 என்ற நஞ்சு. 368 மாதிரிகளில், அதாவது 5.7 சதவீதத்தில், அது அனுமதித்த அளவை மீறியிருந்தது. எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551-ல் 88. இந்த நஞ்சை யாரும் பாலில் கலக்கவில்லை. பூசணம் பிடித்த புண்ணாக்கு, ஈரத்தில் வைத்த மக்காச்சோளம், நனைந்த தீவன மூட்டை ஆகியவற்றிலிருந்து மாட்டின் வழியாகப் பாலுக்கு வருகிறது. காய்ச்சினாலும் போகாது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், இயற்கை முறையில் விளைந்த கடலையிலும் பூசணம் பிடிக்கும் என்பதுதான். முத்திரை மட்டும் பாலைக் காப்பாற்றாது. நன்றாகக் காயவைப்பது, தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குவது, கட்டி பிடித்த புண்ணாக்கைத் தூக்கி எறிவது: இவற்றுக்குச் சான்றிதழ் தேவையில்லை. பைசா செலவில்லாமல் ஒவ்வொரு வீட்டுக் குழந்தையும் குடிக்கும் பாலை இது மேம்படுத்தும்.

ஆகவே கோலாரின் சிறு விவசாயிக்கு இயற்கைத் தீவனம் என்பது கடையில் வாங்கும் வேறொரு மூட்டையாக இருக்க முடியாது. வாங்கினால் நஷ்டம். வாங்குவதைக் குறைப்பதில்தான் அவருக்கு லாபம். தன் கேழ்வரகுத் தாளை ரசாயனமில்லாததாக்குவது முதல் படி. வேலியில் பயறுவகைத் தீவனம் இரண்டாவது. அடர் தீவனத்தைக் குறைத்து, பால் கொஞ்சம் குறைந்தாலும் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் எவர் அனுமதியும் வேண்டாம். சான்றிதழ் வராவிட்டாலும் பலன் கையில் இருக்கும்.

நான்காவது படி மட்டும் அவர் கையில் இல்லை. ஊருக்கு இருபது பேர் இப்படி மாறினால், அவர்கள் பாலுக்குச் சங்கத்தில் தனியாக ஒரு கேன் வைக்க வேண்டும். அந்தக் கேனுக்குத் தனி விலை வேண்டும். கூட்டுறவு கட்டிக்கொடுத்த குளிர்பதனத் தொட்டிகளும் லாரிகளும் பெங்களூர்க் கடைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதது அந்த ஒரு கேன்தான். ஒன்றியங்கள் அதைச் செய்யாதவரை, ரசாயனமில்லாத பாலின் கூடுதல் விலை, முதலீடு போட முடிந்தவர்களின் பண்ணைகளுக்கே போகும்.

நூற்றிருபது ஆண்டுகள் இந்த ஊர் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் இறங்கித் தங்கம் எடுத்தது. விலையை வேறு யாரோ நிர்ணயித்தார்கள். இப்போது செல்வம் தரையின் மேல் அரை அடி மண்ணில் இருக்கிறது. அதன் விலையையாவது விளைவிப்பவர் கேட்டு வாங்குவாரா என்பதுதான் தங்க வயலின் இன்றைய கேள்வி.